புரோக்கர் இல்லாமல் வீட்டை விற்கலாமா? வட சென்னையில் பதில் உங்கள் பத்திரப் பையில் இருக்கிறது

“வீடு விற்பனைக்கு. உரிமையாளர் நேரடி விற்பனை. புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்.”

சுங்கச்சாவடியில் இருந்து எண்ணூர் வரை எந்த வீட்டு கேட்டில் இப்படி ஓர் அட்டை தொங்கினாலும், அதில் இருக்கும் நம்பருக்கு முதலில் அழைப்பவர் அநேகமாக ஒரு புரோக்கராகத்தான் இருப்பார். “சார், கையிலேயே பார்ட்டி இருக்கு. வீட்டை ஒரு தடவை காட்டுங்க, ரெண்டு பர்சன்ட் பார்த்துக்கலாம்” என்பார். வேண்டாம் என்று வைத்தால், அடுத்த அழைப்பில் குரல் வேறு, வசனம் அதே.

அந்த ரெண்டு பர்சன்ட் எவ்வளவு? திருவொற்றியூரில் ஒரு வீடு 60 லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்றால் 1.2 லட்சம். வாங்குபவரிடமும் அதே அளவு வாங்கினால் மொத்தம் 2.4 லட்சம். வாங்குபவர் ஏற்கெனவே 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று 5.4 லட்சத்தை அரசுக்குக் கட்டப் போகிறவர். புரோக்கர் கமிஷன் இல்லை என்றால் அவருக்கும் சந்தோஷம்தான்.

அப்புறம் ஏன் இன்னும் எல்லோரும் புரோக்கரிடம் போகிறோம்? ‘ஆள் பிடித்துக் கொடுப்பார்’ என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். ஆள் பிடிக்கும் வேலையை இன்று போனே செய்துவிடும். என் பார்வையில் புரோக்கரின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் என்ன ஓட்டை இருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த ஓட்டையை அவர் அடைக்க மாட்டார். ஓட்டையோடு வாங்கத் தயாராக இருக்கும் ஒருவரைக் கூட்டி வருவார், அதற்கான தள்ளுபடியை உங்கள் விலையில் கழிப்பார். கமிஷன் 1.2 லட்சம் என்பது கண்ணுக்குத் தெரியும் செலவு. இந்தத் தள்ளுபடி பல லட்சமாக இருக்கலாம், எந்த ரசீதிலும் வராது.

அதனால் ‘புரோக்கர் வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: உங்கள் பத்திரப் பை விற்பனைக்குத் தயாரா?

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல் ஒரு விதி இருக்கிறது. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே உரிமையாளர் ‘ஹோம் ரிப்போர்ட்’ என்ற ஒன்றைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். கட்டடத்தின் நிலை, மதிப்பு, வரி விவரம் எல்லாம் அதில் இருக்கும். வாங்க வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஆனால் நீங்களே உங்களுக்காக ஒன்று தயாரித்துக்கொள்ள யாரும் தடை போடவில்லை.

தாத்தா பெயரில் வீடு, பேரன் கையில் சாவி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர் ராயபுரம். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வீட்டுப் பத்திரங்களும் பழசுதான். துறைமுகத்திலோ ஆலையிலோ வேலை பார்த்த தாத்தா வாங்கிப் போட்ட வீடு. அவர் போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்விட்டார், சொத்து வரி ரசீது இன்னும் தாத்தா பெயரில் வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் குடியிருப்பவர், ‘நான்தானே பார்த்துக்கிட்டேன், எனக்குத்தான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சட்டம் அப்படி நினைக்காது. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் அதே பங்கு உண்டு. பாட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ‘பொண்ணுக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் பண்ணியாச்சு’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே இருக்கிறது. ராயபுரத்தில் கணிசமாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் கணக்கு.

ஆக, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எண்ணுங்கள். அத்தனை பேரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குச் செலவு குறைவு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் இருந்து இந்த உச்சவரம்பு இருக்கிறது. அண்ணன் துபாயில் இருக்கிறார் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்றோடு பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் நடக்க மாதக்கணக்கில் ஆகும். அக்காவிடம் பேச வேண்டும், பேசாமல் இருக்கும் சித்தப்பாவிடமும் பேச வேண்டும். இந்த வேலையை எந்த புரோக்கரும் உங்களுக்குச் செய்து தர மாட்டார். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார், மொதல்ல அட்வான்ஸ் வாங்குங்க” என்று சொல்பவர் கிடைப்பார். அவர் பேச்சைக் கேட்டு அட்வான்ஸ் வாங்கிவிட்டால், அக்கா கையெழுத்துப் போட மறுக்கும் நாளில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

வில்லங்கச் சான்றில் எட்டிப் பார்க்கும் பழைய கடன்

பதிவுத்துறையின் இணையதளமான டி.என்.ரெஜிநெட்டில் வில்லங்கச் சான்றை யாரும் பார்க்கலாம். பல சார் பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் இருக்கின்றன. வாங்குபவர் எப்படியும் பார்ப்பார். அவருக்கு முன்னால் நீங்கள் பாருங்கள்.

அதில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு விஷயம்: 2009-ல் வாங்கிய வீட்டுக் கடன். எப்போதோ கட்டி முடித்து, வங்கியில் இருந்து அசல் பத்திரத்தையும் வாங்கி வந்திருப்பீர்கள். ஆனால் கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம் பதிவாகியிருக்கும், கடன் முடிந்ததற்கான ரசீது பத்திரம் பதிவாகியிருக்காது. கணினியைப் பொறுத்தவரை உங்கள் வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது. வங்கியிடம் பேசி அந்த ரசீதைப் பதிவு செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வாங்குபவரின் வழக்கறிஞர் இதைக் கண்டுபிடித்தால், அதே சின்ன விஷயம் ‘பிரச்சினை உள்ள வீடு’ என்று பெயர் வாங்கித் தந்துவிடும்.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொரு தனித் தலைவலி உண்டு. 1997-க்கு முந்தைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். அதற்குப் பிறகானதில் திருவள்ளூர் மாவட்டம். 2011-ல் திருவொற்றியூர் நகராட்சியும் கத்திவாக்கம் நகராட்சியும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. 2018-ல் திருவொற்றியூர் வட்டமே சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. வீடு நகரவே இல்லை, முகவரிதான் மாவட்டம் மாவட்டமாகப் பயணம் செய்திருக்கிறது! பழைய சர்வே எண், புதிய நகர சர்வே எண், பழைய கதவு எண், புதிய கதவு எண் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பட்டா அல்லது நகர நிலப் பதிவேட்டின் நகலை எடுத்து, பத்திரத்தில் இருக்கும் நான்கு எல்லைகளோடும் அளவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான பகுதி. வட சென்னையில் வாழ்பவர்கள் எல்லோரிடமும் விற்கக்கூடிய பத்திரம் இல்லை.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கட்டிக் கொடுத்த குடியிருப்புகள் இங்கே ஏராளம். பல குடும்பங்களிடம் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கிறது. தவணை முழுக்கக் கட்டி, வாரியம் விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் வீடு உங்களுடையது. அதற்கு முன் நோட்டரி கையெழுத்தோடு முத்திரைத்தாளில் எழுதி ‘வித்துட்டேன்’ என்று சொல்வது விற்பனையே இல்லை. அசையாச் சொத்தைப் பதிவுசெய்த பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்று 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. வெறும் பவர் பத்திரத்தை வைத்து உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த முத்திரைத்தாள் வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. விற்பவருக்குக் கிடைப்பது சொற்ப விலை, வாங்குபவருக்குக் கிடைப்பது நிம்மதியில்லாத தூக்கம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர் மட்டும் நிம்மதியாக இருப்பார்.

கோயில் நிலம், வக்பு நிலம், அரசு புறம்போக்கு ஆகியவையும் இப்படித்தான். கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், அடிமனை உங்களுடையது அல்ல. இந்த நிலங்களின் விற்பனையை சார் பதிவாளர் பதிவு செய்ய மாட்டார். வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே பூஜ்ஜியம் என்று இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், புரோக்கரை அல்ல. கடலோரக் குப்பங்களில் பட்டாவே வராத வீடுகள் இருக்கின்றன. பட்டா உள்ள இடத்திலும், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் இடித்துக் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ‘இடிச்சு மூணு மாடி போட்டுக்கலாம்’ என்று வாங்குபவரிடம் வாக்குக் கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே வீடு, ரெண்டு கதை

சரி, பத்திரம் சுத்தம். விலை என்ன வைப்பது?

விற்க வரும் உங்களிடம் புரோக்கர் சொல்வது: “நம்ம ஏரியாவா சார்? கம்பெனி புகை, மழைக்குத் தண்ணி, கன்டெய்னர் லாரி. யாரு வர்றா?” வாங்க வருபவரிடம் அதே வாய் சொல்வது: “விம்கோ நகர் மெட்ரோ வந்துடுச்சு சார், ஏறினா நேரா ஏர்போர்ட்ல இறங்கலாம்.” இரண்டுமே உண்மைதான். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரையான மெட்ரோ 2021 பிப்ரவரி 14-ல் திறக்கப்பட்டது. லாரிகளும் எங்கேயும் போய்விடவில்லை. எந்த உண்மையை யாரிடம் சொல்வது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. சில சமயம் உங்களிடம் ‘உங்க கைக்கு 55’ என்று பேசி முடித்துவிட்டு, அந்தப் பக்கம் 60 சொல்லி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வதும் நடக்கும். கமிஷன் தனி!

இதற்கு மருந்து, விலையை நீங்களே தெரிந்துகொள்வது. உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பு டி.என்.ரெஜிநெட்டில் இலவசமாகக் கிடைக்கும். 2017-ல் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டு, 2024 ஜூலையில் மறுபடி திருத்தப்பட்டதால், பழைய ஞாபகத்தில் பேசாமல் இன்றைய மதிப்பைப் பாருங்கள். ஆனால் அது முத்திரைத் தீர்வைக்கான அளவுகோல், சந்தை விலை அல்ல. சந்தையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீட்டின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் ‘கைமாற்றுத் தொகை’ என்று ஒரு வரி இருக்கும். எத்தனை ரூபாய்க்கு விற்றதாகப் பதிவு செய்தார்கள் என்பது அதில் தெரியும். சிலர் குறைத்துக் காட்டியிருப்பார்கள். அதனால் நான்கைந்து பத்திரங்களைப் பாருங்கள், விளம்பரங்களில் கேட்கும் விலையையும் பாருங்கள். உண்மையான விலை அநேகமாக இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இதைச் செய்ய ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும்.

அமெரிக்காவில் இந்தக் கமிஷன் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கே வீட்டு விலையில் 5 முதல் 6 சதவீதம் வரை கமிஷன், வாங்குபவரின் முகவருக்கும் சேர்த்து விற்பவரே கொடுப்பது வழக்கமாக இருந்தது. வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசிய சங்கம் 41.8 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு, விதிகளையும் மாற்றியது. நம் நிலைமை வேறு. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி ரியல் எஸ்டேட் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும்தான். ஆனால் அது பதிவு செய்யப்பட்ட புதிய திட்டங்களில் வீடு, மனை விற்பவர்களுக்கு. உங்கள் தெருமுனையில் பழைய வீடுகளை முடித்துக் கொடுப்பவர் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. அவர் ஏமாற்றினால் லைசென்ஸ் ரத்து செய்யச் சொல்ல, முதலில் லைசென்ஸ் என்று ஒன்று இருக்க வேண்டுமே.

வாங்குபவர் எங்கே இருக்கிறார்?

பெரும்பாலும் பக்கத்துத் தெருவில். எண்ணூர், திருவொற்றியூர் வீட்டைத் தேடி யாரும் வேளச்சேரியில் இருந்து கிளம்பி வருவது அபூர்வம். இங்கேயே வேலை, இங்கேயே சொந்தம், வாடகை வீட்டில் இருந்து சொந்த வீட்டுக்கு மாற நினைக்கும் குடும்பங்கள்தான் இங்கே வாங்குகின்றன. அதனால் இணையதள விளம்பரத்தைவிட தெரு வாட்ஸ்அப் குழு, தொழிற்சாலை நண்பர்கள், சர்ச், மசூதி, கோயில் வட்டம், டீக்கடை, உங்கள் வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர் எல்லாம் பலன் தரும். வாடகைக்காரரிடம் முதலில் கேளுங்கள். வீட்டின் குறை நிறை எல்லாம் அறிந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக விற்கும்போது, ‘யாருக்குக் கொடுக்கப் போறே? நம்ம ஆளுங்களுக்கே கொடு’ என்று தெரு பேசத் தொடங்கும். புரோக்கர் இந்த வடிகட்டலை உங்களுக்குத் தெரியாமலேயே செய்துவிடுவார், உங்களுக்கும் கை அழுக்காகாது. நேரடி விற்பனையில் அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும். சொல்லுங்கள். வீட்டை வாங்க வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பணமும் அடையாள ஆவணமும் மட்டும்தான்.

இணையத்தில் விளம்பரம் போட்டால் தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டைப் பார்க்காமலேயே “நான் ராணுவத்துல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று ஒருவர் பேசினால் உடனே துண்டியுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ வேண்டியதில்லை. வீட்டில் பெண்கள், வயதானவர்கள் தனியாக இருக்கும்போது யாருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம்.

குறைகளைச் சொல்ல வேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அதே மாதம் எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். வாங்க வருபவர் கேட்டால் மழுப்பலாமா? வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எதிர்வீட்டு ஆயா சொல்லிவிடுவார்! தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, அதற்குப் பிறகு தரையை உயர்த்தினீர்களா என்று நீங்களே சொல்வது பேரத்தில் உங்களுக்குத்தான் பலம். ஒளித்த குறை வெளியே வரும்போது, ஒளிக்காத நிறைகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

பணம்: இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்

‘வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை கேஷா வாங்கிக்கோங்க’ என்பது காலங்காலமாக நடக்கும் பேரம். இதில் லாபம் வாங்குபவருக்கும் புரோக்கருக்கும். ஆபத்து உங்களுக்கு. வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. அட்வான்ஸுக்கும் இது பொருந்தும். அந்த ரொக்கத்தை வைத்துக்கொண்டு நேர்வழியில் அடுத்த வீடு வாங்கவும் முடியாது.

வரிக்குப் பயந்துதான் பலரும் ரொக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் வரி அவ்வளவு பயங்கரமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வருவது நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் இரண்டு வழிகளில் எது குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம், கழித்து 20 சதவீதம்.

2012-13-ல் 30 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26-ல் 60 லட்சத்துக்கு விற்கிறீர்கள். முதல் வழியில் லாபம் 30 லட்சம், வரி 3.75 லட்சம். இரண்டாவது வழியில், பணவீக்கக் குறியீடு 200-ல் இருந்து 376 ஆனதால் உங்கள் 30 லட்சம் 56.4 லட்சமாகக் கணக்கிடப்படும். லாபம் 3.6 லட்சம்தான். வரி 72,000 ரூபாய். இதுவே தாத்தா காலத்து வீடு, 2001 ஏப்ரலில் அதன் மதிப்பு 6 லட்சம் என்றால் கணக்கு தலைகீழாகும். முதல் வழியில் 6.75 லட்சம், இரண்டாவது வழியில் சுமார் 7.49 லட்சம். (இரண்டிலும் செஸ் தனி.) 2001-க்கு முந்தைய வீட்டுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 2 ஆண்டுக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுக்குள் கட்டினாலோ, அதில் போட்ட லாபத்துக்கு வரி இல்லை. ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், புரோக்கருக்குக் கொடுக்கும் லட்சத்தைவிட இங்கே அதிகம் உழைக்கும்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் வாங்கும்போது விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். எத்தனை நாளில் மீதிப் பணம், வராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும், வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன என்பதை எல்லாம் அதிலேயே எழுதுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். டீல் உடைந்தால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். அதற்கு அவர் ஒத்துழைக்காவிட்டால் உங்கள் வீடு முடங்கிப் போகும். எனவே ஆள் யார், கடன் தகுதி இருக்கிறதா என்று விசாரித்த பிறகே ஒப்பந்தம். டோக்கன் அட்வான்ஸ் என்று 10,000 ரூபாயை ஜிபேவில் போட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டை நிறுத்தி வைக்கும் ஆட்களுக்கு இதுதான் பதில்.

பத்திரத்தை யார் எழுதுவது? மாதிரி ஆவணங்கள் பதிவுத்துறை தளத்திலேயே இருக்கின்றன, நீங்களே தயாரிக்கலாம். ஆனால் நான் சொல்வது: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். கமிஷனில் மிச்சமான பணத்தில் சின்னப் பகுதியை ஒரு வழக்கறிஞருக்கோ உரிமம் பெற்ற ஆவண எழுத்தருக்கோ கொடுங்கள். இவர்கள் வேலைக்குக் கட்டணம் வாங்குபவர்கள், விலையில் பங்கு கேட்பவர்கள் அல்ல. டீல் எப்படியாவது முடிந்தால் போதும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்காது.

பதிவு நாளில் ராயபுரமோ திருவொற்றியூரோ, சார் பதிவாளர் அலுவலகத்துக்கு ஆன்லைனில் டோக்கன் போட்டு, இரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். கைரேகை வைப்பதற்கு முன் பணம் கணக்கில் வந்துவிட்டதா என்று வங்கி செயலியில் பாருங்கள். வந்த குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்கினால், அவருடைய வங்கி தரும் டிடியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். சாவியும் அசல் பத்திரங்களும் கடைசியில்.

அப்போ புரோக்கரே வேண்டாமா?

சிலருக்கு வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வயதான தம்பதி மட்டும் இங்கே என்றால், தினமும் கேட்டைத் திறந்து நான்கு பேருக்கு வீட்டைக் காட்டுவது நடக்காத காரியம். வேடிக்கை பார்க்க வருபவர்களை வடிகட்டுவதும், முகம் சுளிக்காமல் பேரம் பேசுவதும் ஒரு திறமைதான். அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். பதிவு முடிந்த அன்றுதான் பணம் என்று சொல்லுங்கள். விலையை வாங்குபவரோடு நீங்களே நேரில் பேசுங்கள். உங்கள் அசல் பத்திரத்தை ‘பார்ட்டிக்குக் காட்டணும்’ என்று கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள், அதன் மேல் குறுக்காக ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதி.

விற்று முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வாரியக் கணக்கு மூன்றும் புதியவர் பெயருக்கு மாறிவிட்டனவா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வாங்கியவர் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால், அவர் கட்டாமல் விட்ட பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.